அனுப்பும் முன் ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள்

ஐயாயிரம் ரூபாய்த் தாளொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நம் வியாபாரிகள் லாச்சியில் போடுவதில்லை. இதை எவரும் நமக்குப் படித்துத் தரவில்லை, பழக்கம்தான். ஆனால் அதே வியாபாரி, கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியை நம்பி ஐந்து இலட்சத்தை அனுப்பிவிடுகிறார்.

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து பணத்தை அனுப்பும்படி போலிக் கட்டளைகள் கொடுத்தார்கள். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியன் டொலர் தப்பியது. பணம் பெறுபவரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையாக இருந்ததுதான் காரணம். இடையிலிருந்த வங்கி சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்டது. கள்ளம் பிடிபட்டது.

நாமும் பழக வேண்டியது அதைத்தான்.

கணக்கு மாறினால்: சரக்கு அனுப்புபவரிடமிருந்து, "பழைய கணக்கில் போடவேண்டாம், இந்தப் புதிய கணக்கில் போடுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். ஓடர் இலக்கமும் தொகையும் சரியாகவே இருக்கும். அதை வைத்து நம்பிவிடாதீர்கள். திருடர்கள் மின்னஞ்சல் பெட்டிக்குள் புகுந்து, நாட்கணக்கில் வாசித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். பழைய பில்லிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். அந்தச் செய்தியிலுள்ள இலக்கத்துக்கு எடுத்தால் திருடனே பதில் சொல்வான்.

ஆறு இலக்கம் கேட்டால்: "உங்களுக்குத் தவறி வந்த இலக்கத்தை அனுப்புங்கள்" என்று கூட்டாளியின் வட்ஸ்அப்பிலிருந்து செய்தி வந்தால், அவருடைய கணக்கு ஏற்கனவே பறிபோயிருக்கலாம். வங்கியின் பெயரில் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வட்ஸ்அப்பில் இரண்டு கட்டப் பாதுகாப்பை இன்றே போட்டு வையுங்கள்.

கடவுச்சொல்: மின்னஞ்சலுக்கு மட்டுமாவது வேறெங்கும் பாவிக்காத நீளமான கடவுச்சொல்லை வையுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சலூடாகத்தான் போகிறது. அது தலைவாசல் சாவி.

கடை மூடும்போது: வரவு செலவு, கடன்காரர் கணக்கு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வேறாக வையுங்கள். செருகியபடியே விட்டால், கணினியைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

என் கடையில் நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். கணக்கு இலக்கத்தை உறுதிப்படுத்த ஒரு பையன் அரை மணி நேரம் தாமதித்தால் அவனை ஏசக் கூடாது. "முதலாளி அவசரமாக அனுப்பச் சொன்னார்" என்று என் பெயரில் செய்தி வந்தாலும், என் குரலைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. முதலாளியின் கோபத்துக்குப் பயப்படும் பையனைத்தான் திருடன் தேடுகிறான்.

இவ்வளவுக்கும் பிறகு ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கு அறிவியுங்கள். பிறகு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு எடுங்கள். பணம் மறு கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் சொன்னால்தான் மறிக்க வழியுண்டு.