மூன்று வயரில் போர்டோடு பேச: தங்கச்சிக்கு டிப்ஸ்

செல்லம், ஐஐடி மெட்ராஸின் ஷக்தி ப்ராசஸரை ஆர்ட்டி போர்டில் ஏற்றிவிட்டேன், அடுத்து ஒரு டீபக் ஸ்டப் எழுதப்போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. நம் ஊரில் வடிவமைத்த ப்ராசஸரின் உள்ளே நம் வீட்டுப் பெண் கை வைக்கிறாள்!

அந்த போர்டிலேயே டீபக் செய்ய ஜேடேக் இணைப்பு இருக்கிறதே, ஸ்டப் எதற்கு என்று கேட்பார்கள். சென்னையின் எண்ணூரிலோ மணலியிலோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து காட்டு. ஜேடேக் பின்னை வெளியே எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்திருந்தாலும் உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும். கைக்குக் கிடைப்பது சீரியல் போர்ட் மட்டும்தான். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட் ஒன்று. அந்த மூன்று வயரில், உன் கம்ப்யூட்டரில் ஓடும் ஜிடிபி என்ற டீபக்கரோடு பேசும் சின்ன ப்ரோகிராம்தான் ஸ்டப்.

முதலில் இதை மனதில் போட்டுக்கொள்: கோளாறான ப்ரோகிராமிடம் ஸ்டப் எதையும் கடன் வாங்கக்கூடாது. இதைப் பட்டுத்தான் கற்றேன். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்ப் கன்ட்ரோலர் அடிக்கடி உறைந்துபோனது. என் ஸ்டப்பும் சேர்ந்தே உறைந்தது. இரண்டு ராத்திரி விழித்த பிறகுதான் புரிந்தது. ப்ரோகிராமின் ஸ்டேக் நிரம்பி வழிந்திருக்கிறது. நான் ரிஜிஸ்டர்களைக் கொண்டுபோய் அதே ஸ்டேக்கில் சேமித்திருக்கிறேன். போதாததற்கு, பதில் அனுப்ப இன்டரப்டை நம்பும் யுஆர்ட் டிரைவரையே கூப்பிட்டிருந்தேன். ப்ரோகிராமை நிறுத்தி ஸ்டப்புக்குக் கொண்டுவரும் டிராப்புக்குள் நுழைந்ததும் ப்ராசஸர் இன்டரப்டை நிறுத்திவிடும். பதில் எப்படிப் போகும்?

அதனால் ஸ்டப்புக்கென்று தனி ஸ்டேக் ஒதுக்கு. அதன் முகவரியை எம்ஸ்க்ராட்ச் ரிஜிஸ்டரில் வைத்துவிட்டு, டிராப்பின் முதல் வரியிலேயே ஸ்டேக் பாயின்டரோடு மாற்றிக்கொள். யுஆர்ட்டின் ஸ்டேட்டஸ் பிட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒவ்வொரு பைட்டாக அனுப்பு. பிரின்ட்எஃப், மேலக் இரண்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

பேச்சு முறை எளிது. டாலர் குறி, கட்டளை, ஹேஷ், பிறகு இரண்டு ஹெக்ஸ் இலக்கத்தில் செக்சம். கட்டளையின் பைட்டுகளைக் கூட்டி, 256 ஆல் வகுத்த மீதிதான் செக்சம். சரியாக வந்தால் + அனுப்பு, தப்பாக வந்தால் -. மோட்டாரும் கான்டாக்டரும் உள்ள இடத்தில் சீரியல் லைனில் குப்பை வரத்தான் செய்யும். செக்சத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதே. ஏன் நின்றாய், ரிஜிஸ்டரைப் படி, எழுது, மெமரியைப் படி, எழுது, தொடர்ந்து ஓடு, ஓர் அடி வை. இந்த ஏழும் இருந்தால் போதும். தெரியாததைக் கேட்டால் $#00 என்று வெறும் பதில் கொடு; ஜிடிபி தானே வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

ஜிடிபியை இணைக்கும் முன்னால் டெர்மினலில் கையாலேயே டாலர், சின்ன ஜி, ஹேஷ், 67 என்று அடித்துப் பார். 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் என்றால் 33 ரிஜிஸ்டர், ஒவ்வொன்றுக்கும் 8 இலக்கம், ஆக டாலருக்கும் ஹேஷுக்கும் நடுவே 264 எழுத்து வரவேண்டும். கடைசி எட்டு, ப்ரோகிராம் கவுன்டர். அது 80000000 என்றால் 00000080 என்றுதான் வரும், பைட் வரிசை தலைகீழ். நேராக வந்தால் உன் கோடில்தான் தப்பு.

இல்லாத முகவரியை ஜிடிபி கேட்கவும் செய்யும். படிக்கப்போன இடத்தில் ஸ்டப்பே டிராப்பில் விழும். படிக்கும் முன் ஒரு கொடியை ஏற்றி வை. டிராப் வந்ததும் கொடி ஏறியிருந்தால் பிழை என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பு.

நிறைய நேரம் தின்பது ஓர் அடி வைப்பதுதான். ரிஸ்க்-ஃபைவில் டீபக் மோடுக்கு வெளியே அதற்கென்று பிட் கிடையாது. அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன் எங்கே என்று நீயே கணக்குப் போட்டு அங்கே ஈபிரேக் என்ற நிறுத்தும் இன்ஸ்ட்ரக்ஷனை வைக்க வேண்டும். கிளை பிரியும் இடமென்றால் இரண்டு பக்கமும். இன்ஸ்ட்ரக்ஷனின் கடைசி இரண்டு பிட் 11 இல்லையென்றால் அது 2 பைட் சுருக்க வடிவம். அதன் மேல் 4 பைட் ஈபிரேக்கை வைத்தால் பக்கத்து இன்ஸ்ட்ரக்ஷனும் போச்சு. எழுதி முடித்ததும் ஃபென்ஸ்-ஐ போடு, கேஷில் பழசு இருக்கலாம். ஈபிரேக்கை நீயே கோடில் எழுதியிருந்தால், தொடரும்போது அதைத் தாண்டிவிட வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நிற்கும்.

ரிச்சி தெருவில் யூஎஸ்பி-சீரியல் வாங்கும்போது 3.3 வோல்ட் என்று கேட்டு வாங்கு. வாட்ச்டாக் இருந்தால் நிற்கும் நேரத்தில் அதை அணைத்து வை, இல்லையென்றால் நீ யோசிக்கும்போதே போர்டு ரீசெட் ஆகிவிடும்.

இன்னொன்று, இதில் அக்கா கண்டிப்பு. ப்ராசஸர் பிரேக்பாயின்ட்டில் நின்றாலும் ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். டிராப்புக்குள் நுழைந்ததும் அவுட்புட் பின்களைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோ. அப்படியும் மோட்டார் லைனைக் கழற்றாமல் டீபக் செய்யாதே. பக்கத்தில் ஒரு ஃபிட்டர் அண்ணன் அந்த மோட்டாரில் கை வைத்துக்கொண்டிருப்பார்.