குத்தகைதாரரும் கூலியாளரும்

நிலச் சீர்திருத்தத்தில் இரு முறைகள் உண்டு. முதலாவது, குத்தகைதாரரை உடைமையாளராக்குவது. பம்பாய் மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம், 1956-இல் திருத்தப்பெற்று, 1957 ஏப்ரல் 1-ஆம் நாளன்று, சில விலக்குகள் நீங்கலாக, குத்தகைதாரரை நிலத்தை வாங்கியவராகவே கருதியது. கூலியாளருக்கு இதனால் நிலம் கிட்டாது. அவருக்கு உதவக்கூடியது உச்சவரம்பு. வரம்பை மிஞ்சிய நிலத்தை அரசு பெற்று நிலமற்றோருக்கு வழங்கும். சென்னை மாநிலச் சட்டம் 1961-இல் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என வரையறுத்தது. 1970-இல் அது 15 ஆயிற்று. இவை வருமுன்னரே, திருநெல்வேலிச் சீமையின் நிலமற்ற உழைப்பாளர் பலர் பம்பாயின் தாராவியிலிருந்த தோல் பதனிடும் சாலைகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆகவே, சீர்திருத்தத்தின் பயனை அளப்போர், உடைமை பெற்ற குத்தகைதாரரோடு, ஊரிலேயே வாழ வழி பெற்ற கூலியாளரையும் எண்ணுதல் வேண்டும்.