செந்தட்டியும் நாரும்

பொள்ளாச்சிப் பகுதி வேலியோரங்களில் செந்தட்டி என்றும் காஞ்சொறி என்றும் வழங்கும் கொடியைத் தொட்டவர் மறவார். நேபாளத்தார் 'அல்லோ' என்னும் சொறிச்செடியின் பட்டையில் நாரெடுத்துத் துணி நெய்கின்றனர். கிரார்டினியா எனப்படும் அச்செடி நம் நீலகிரியிலும் உண்டு. சொறிவதால் இரண்டும் ஒன்றே எனக் கருதிச் செந்தட்டியைச் சுமந்து வரும் நெசவாளருக்குக் கிட்டுவது அரிப்பு மட்டுமே. செந்தட்டி, அதாவது திராகியா, ஆமணக்குக் குடும்பத்தது.

வேல்ஸ் நாட்டார் சொறிச்செடியைத் 'தனாடல்' என்பர். அதனைப் போன்ற இலையுடைய, ஆனால் சொறியாத வேறொரு செடியைச் 'செத்த தனாடல்' எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். பின்னதோ துளசிக் குடும்பத்தது. மக்கள் கண்டதையும் தொட்டதையும் கொண்டே பெயரிடுகின்றனர்; செடிகளின் உறவை அப்பெயர் காட்டுவதில்லை.

ஆகவே நாரோ மூலிகையோ விற்கவும் வாங்கவும் முற்படுங்கால், ஊர்ப்பெயரோடு தாவரவியற் பெயரையும் சங்கப் பதிவேட்டில் எழுதுவித்து, மாதிரியை ஒப்பிட்ட பின்னரே விலை பேசுமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.