தொழிலை விடாது உபாத்திமைப் பயிற்சி பெறுதல்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்க்குரிய பாடம்)

கிராமத்திற்குப் பள்ளிக்கூடம் இன்றியமையாதது என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். ஆயின் அப்பள்ளிக்கூடத்தில் நின்று கற்பிப்பவர் யாவர், எவ்வூரினர், தம்மிடம் வரும் சிறுவரின் வீட்டையும் பேச்சையும் அறிந்தவரோ என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறுவதில்லை. பூர்வகுடியினர் வசிக்கும் இடங்களிலோ இவ்வினாக்களே முதன்மையானவை. அவ்வினத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் ஜீவனத்தை இழவாமலே பயிற்சி பெற்றுத் தராதரப் பத்திரமுடைய ஆசிரியராவது எங்ஙனம், அதற்கு ஐக்கிய சங்கங்கள் செய்யக்கூடிய உதவி யாது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சர்வகலாசாலையின் அண்மையில்

சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ஆம் ஆண்டில் ஸ்ரீ மீனாக்ஷி கலாசாலையை நிறுவினார். அது வளர்ந்து 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைச் சர்வகலாசாலையாயிற்று. அது நிலைபெற்ற இடமே அண்ணாமலை நகர். 1979-ஆம் ஆண்டில் இச்சர்வகலாசாலை தொலைநிலைக் கல்விக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தியதால், தூர தேசங்களில் உத்தியோகத்திலிருந்தோரும் தபால் வழியே கற்கும் வசதி உண்டாயிற்று.

இந்நகருக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் கிள்ளையும் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகளும் உள்ளன. அங்குள்ள உப்பங்கழிகளில் இறங்கி, கையினாலேயே இறாலும் நண்டும் பிடித்து ஜீவிக்கும் இருளர் குடும்பங்கள் பல. கடலூர் ஜில்லாவின் பிற பகுதிகளில் இவ்வினத்தார் செங்கற்சூளைகளிலும், மரம் வெட்டும் இடங்களிலும், வயல்களிலும் கூலிவேலை செய்து பிழைக்கின்றனர். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடியினராகச் சர்க்கார் வகுத்துள்ள ஆறு இனங்களுள் இருளரும் ஒன்று.

2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் மொத்தத் தொகை 7,94,697. மாநிலம் முழுவதிலும் எழுத்தறிவு நூற்றுக்கு 80 ஆக இருக்க, பழங்குடியினரிடையே அது நூற்றுக்கு 54 ஆகவே இருந்தது. சர்வகலாசாலையின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்த சிறுவன் ஒருவன் எழுத்தறியாதவனாக வளர்வானாயின், அக்குறை அவனுடையதன்று.

2. இனத்தவரே ஆசிரியராவதன் பயன்

வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர் எத்துணை அன்பும் திறமையும் உடையவராயினும், சில விஷயங்களை அறிய அவருக்குப் பல வருஷங்கள் செல்லும். சூளை வேலை தொடங்கும் பருவத்தில் தாய்தந்தையர் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளியூர் சென்றுவிடுவர். வருகைப் பதிவேட்டில் அக்குழந்தைக்கு எதிரே 'வரவில்லை' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அதே குடியிருப்பில் பிறந்த ஆசிரியரோ, குடும்பம் புறப்படும் நாளை முன்னரே அறிவார். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்லுமாறு சொல்லவும், அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்யவும் அவரால் இயலும். வகுப்பில் பேசாதிருக்கும் குழந்தை மந்தபுத்தியுடையதா, அன்றி நாணத்தால் வாய் திறவாதிருக்கின்றதா என்பதை அவர் முகக்குறிப்பாலேயே உணர்வார்.

இதனால் இனத்தவராயிருத்தல் ஒன்றே போதும் என்று கொள்ளலாகாது. குழந்தையை அறிதல் ஒன்று. குழந்தைக்குக் கற்பிக்கும் முறையை அறிதல் மற்றொன்று. ஐந்து வகுப்புச் சிறுவரை ஓரறையில் வைத்து நடத்துதல், பாடத்தை முன்னரே வகுத்துக்கொள்ளுதல், கண்ணெதிரே உள்ள பொருள்களைக் கொண்டு கணக்கைப் புகட்டுதல் முதலியன பயிற்சியால் வருவன. நண்டை நிறுத்து விலை பேசும் தந்தையுடன் நிற்கும் சிறுவனுக்கு நிறுத்தலளவையும் பெருக்கலும் புதியனவல்ல. அவன் அறிந்ததை ஏட்டுக் கணக்கோடு இணைத்துக் காட்டுதலே பயிற்சி பெற்ற ஆசிரியரின் வேலை.

3. கற்பித்துக்கொண்டே கற்றல்

தொழில் செய்துகொண்டே அத்தொழிலைக் கற்கும் முறை நம் நாட்டிற்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் முன்னேறிய மாணாக்கன் சட்டாம்பிள்ளையாயிருந்து இளையோர்க்குப் பாடம் சொல்லி வந்தான். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் விடுதியில் நடத்தினார். 1797-ஆம் ஆண்டில் அவர் அதனை லண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை 'சென்னை முறை' என்ற பெயராலேயே இங்கிலாந்தில் பரவிற்று.

பின்னர் 1846-ஆம் ஆண்டில் அந்நாட்டு சர்க்கார், 13 வயது நிரம்பிய மாணாக்கரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தின்மீது பயிற்சி ஆசிரியராக அமர்த்தும் திட்டத்தை ஏற்படுத்தினர். அவர்கள் பகலில் கற்பித்தனர். பள்ளி நேரத்திற்குப் புறம்பே தலைமையாசிரியரிடம் கற்றனர். அக்காலத்தில் அவர்க்கு உபகாரச் சம்பளமும் கொடுக்கப்பட்டது. இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனில், பயிற்சிக்காலத்தில் பசியின்றி இருக்க வழி செய்யப்பட்டமையே. சென்னையில் 1856-ஆம் ஆண்டில் ஆசிரியர்க்கென நார்மல் பள்ளி ஏற்பட்டது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கலாசாலையாக வளர்ந்தது.

4. சிதம்பரம் காட்டிய வழி

ஒடுக்கப்பட்டோர் தமக்கெனக் கல்விச்சாலை அமைத்துக்கொள்ளும் முயற்சியில் சிதம்பரம் சிறந்த உதாரணமாகும். ஆரணிப் பக்கத்தில் 1890-ஆம் ஆண்டில் பிறந்த சுவாமி சகஜாநந்தர், 1916-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஆதிதிராவிடச் சிறுவரும் சிறுமியரும் அங்குத் தங்கிப் படிக்க வழி ஏற்பட்டது. சுவாமிகள் பின்னர்ச் சட்டசபை அங்கத்தினராகவும் இருந்து, 1959-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய பள்ளிகள் இன்றும் சர்க்கார் மேல்நிலைப் பள்ளிகளாக நந்தனார் பெயரோடு நடைபெறுகின்றன. ஒரு சமூகத்திற்குப் பள்ளியும் விடுதியும் சேர்ந்து கிடைக்குமாயின், அச்சமூகத்திலிருந்தே கற்றோர் தோன்றுவர் என்பதற்கு இது சான்று.

5. இன்றைய சட்டமும் அதன் படிகளும்

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இயன்றவரை குழந்தையின் தாய்மொழியிலேயே கற்பித்தல் வேண்டுமென்பது அதன் விதிகளுள் ஒன்று. தகுதியற்றோரை ஆசிரியராக நியமித்தலாகாது என்பது மற்றொன்று. ஆதலின் குடியிருப்பில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு அன்போடு கற்பித்துவரும் இளைஞர், அத்தொண்டினாலேயே பள்ளியாசிரியராகிவிட இயலாது. அவர் ஏற வேண்டிய படிகள் பின்வருமாறு:

(அ) மேல்நிலைக் கல்வி முடித்தோர் இரண்டு வருஷத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேரலாம். கடலூர் ஜில்லாவிற்குரிய ஆசிரியர் பயிற்சி நிறுவனம் வடலூரில் உள்ளது.

(ஆ) பட்டம் பெற்றோர்க்கு இரண்டு வருஷ பி.எட். பயிற்சி உண்டு. 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் 20 வாரங்கள் பள்ளியிலேயே பயிற்சி பெற வேண்டும்; அவ்வாரங்களில் நூற்றுக்கு 90 நாள் வருகை கட்டாயம்.

(இ) தொலைநிலை வழியில் பி.எட். கற்பதற்கு, அதே விதிகளின்படி, முன்னரே தொடக்கக் கல்விப் பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும். ஆதலின் பட்டப்படிப்பு மட்டும் உடையவர் அஞ்சல் வழியில் நேரே பி.எட். பெறலாம் என்று எண்ணிப் பணம் கட்டுதல் தகாது.

(ஈ) இவற்றின்மேல் ஆசிரியர் தகுதிப் பரீட்சையிலும் தேர வேண்டும். தமிழ்நாட்டில் இப்பரீட்சை முதன்முதல் 2012 ஜூலை 12-இல் நடைபெற்றது. முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரையிலும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலும் கற்பிப்போர்க்குரியது. ஒருமுறை தேறினால் அப்பத்திரம் ஆயுள் முழுவதும் செல்லுமென்று 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பணியிலிருப்போருள் ஓய்வுக்கு ஐந்து வருஷத்திற்கு மேல் உள்ளவர்களும் இரண்டு வருஷத்திற்குள் இதில் தேர வேண்டுமென 2025 செப்டம்பர் 1-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பத்திரத்தின் செல்லுந்தன்மையைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். பயிற்சியின்றிப் பணியிலிருந்தோர் பயிற்சி பெறுவதற்குரிய தவணை 2019 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டபோது, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே 12 லட்சத்திற்கு மேற்பட்டோர் 18 மாதப் பயிற்சியில் சேர்ந்தனர். அது இரண்டு வருஷப் பயிற்சிக்குச் சமமன்றென 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்டு 10-இல் பணியிலிருந்து, தவணைக்குள் அப்பயிற்சியை முடித்தோர்க்கு அது செல்லுமென 2024 டிசம்பரில் விளக்கம் கிடைத்தது. அதுவரை அவர்கள் அனுபவித்த கவலை சிறிதன்று. ஆகவே சேரும் நிறுவனத்திற்கும், சேரும் பாடத்திற்கும், சேரும் அவ்வருஷத்திற்கும் அங்கீகாரம் உண்டா என்பதைப் பணம் கட்டுமுன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

6. முதற் பத்திரம்

இருளர் முதலிய இனத்தார்க்கு ஆசிரியப் பத்திரத்திற்கு முன்னே மற்றொரு பத்திரம் தடையாக நிற்கின்றது. அது இனச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பழங்குடியினர்க்கு நூற்றுக்கு ஒரு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. கல்வி உதவித்தொகையும் உண்டு. இவ்விரண்டையும் பெற இச்சான்று இன்றியமையாதது. தாசில்தார் அளவில் இது முடிவதில்லை. கோட்டாட்சியர் விசாரித்தே பழங்குடியினர்க்குச் சான்றளிக்க வேண்டும். நிலமும் பத்திரமும் இன்றி இடம் மாறி வாழ்ந்த குடும்பத்தார் தம் இனத்தை எழுத்தால் மெய்ப்பித்தல் எளிதன்று. கல்லூரியில் சேரும் வருஷத்தில் இதற்கு அலைவோர் அவ்வருஷத்தையே இழக்கக்கூடும். சிறுவன் தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே இச்சான்றைப் பெற்று வைத்தல் நன்று.

7. அயல்நாட்டார் செய்தது

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலை 1974-ஆம் ஆண்டில் பூர்வகுடி ஆசிரியர்க்கெனத் தனித் திட்டம் தொடங்கிற்று. தொடக்க வருஷங்களில் மாணாக்கர் தம் ஊருக்கு அண்மையிலுள்ள கிளை நிலையங்களில் கற்று, பின்னரே வான்கூவர் நகரிலுள்ள சர்வகலாசாலைக்குச் சென்றனர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1990-ஆம் ஆண்டில் ஏற்பட்ட திட்டத்தின்படி, தூரத்துக் குடியிருப்புகளில் கணிப்பொறி வழியே பாடங்கள் அனுப்பப்பட்டன; உடனிருந்து உதவ ஓர் ஆசிரியரும் அங்கேயே அமர்த்தப்பட்டார். குடும்பமுடைய பெண்கள் ஊரை விட்டகலாமல் படிக்க இது துணையாயிற்று. இரண்டு திட்டங்களும் பயிற்சியின் தரத்தைக் குறைக்கவில்லை. பயிற்சிக்கும் வீட்டிற்கும் இடையிலுள்ள தூரத்தையே குறைத்தன.

8. ஐக்கிய சங்கங்கள் செய்யத்தக்கன

இருளரின் அறிவுக்கு ஐக்கிய முறை மதிப்பளித்த உதாரணம் நம்மிடையே உண்டு. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், பாம்பின் விஷத்தை எடுத்து மருந்து செய்வோர்க்கு விற்று வருகின்றது. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றனர். தனியே காட்டில் திரிந்த தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்தபின் அடைந்த மேன்மை இது. உபாத்திமை விஷயத்திலும் சங்கம் உதவ இயலும்.

பயிற்சி பெறுவோர்க்குப் பெரும் இடையூறு கூலி இழப்பே. உதாரணமாக, வாரத்திற்கு ஐந்து நாளாக 20 வாரத்திற்கு 100 நாள். நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், பள்ளிப் பயிற்சிக் காலத்தில் இழக்கும் தொகை 30,000 ரூபாய். ஒரு தனிக் குடும்பத்திற்கு இது தாங்கவொண்ணாத பாரம். 300 அங்கத்தினருள்ள சங்கத்திலோ ஆளுக்கு 100 ரூபாய்தான். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், இதனைப் பொது நன்மைக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து உதவியாகவோ, வேலை கிடைத்தபின் தவணையாகத் திருப்பித் தரும் கடனாகவோ கொடுக்கலாம். கடனாயின், வேலை கிடைக்கத் தாமதமாகுங்கால் வட்டி ஏறாதிருக்க விதி செய்தல் முறையாகும். இல்லையேல் உதவியே சுமையாய் முடியும்.

பணமின்றியும் செய்யக்கூடியவை உள. சங்கக் கட்டடத்தில் இரவு வேளையில் படிக்க விளக்கும் இடமும் அளிக்கலாம். விண்ணப்பம் எழுதவும், அங்கீகாரத்தை விசாரிக்கவும், இனச் சான்றுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்திற்கு உடன் செல்லவும் காரியதரிசி துணை செய்யலாம்.

9. சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்க எல்லைக்குள் பூர்வகுடிக் குடியிருப்புகள் எத்தனை? அவற்றில் பள்ளிக்குச் செல்லாத சிறுவர் எத்தனை பேர்?

2. அக்குடியிருப்புகளில் மேல்நிலைக் கல்வியோ பட்டமோ முடித்தவர் யாவர்? அவரிடம் இனச் சான்று உண்டா?

3. அவருள் ஒருவர் பயிற்சி பெற விரும்பினால், அவர் குடும்பத்தின் கூலி இழப்பு எவ்வளவு? அதில் சங்கம் ஏற்கக்கூடிய பங்கு யாது?

4. அவ்வுதவிக்கு நம் துணைவிதிகளில் இடம் உண்டா? இல்லையாயின் எவ்விதியைத் திருத்த வேண்டும்?

ஒரு குடியிருப்பிலிருந்து ஒருவர் ஆசிரியராக வெளிவருவாராயின், அவரைப் பார்த்து வளரும் சிறுவர்க்குப் பள்ளிக்கூடம் அயலாருடையது என்னும் எண்ணம் நீங்கும். விதை நெல்லுக்குக் கடன் கொடுக்கும் சங்கம் அறுவடைக்குச் சில மாதம் காத்திருக்கின்றது. இவ்விதைக்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். விளைவோ பல தலைமுறைக்கு நிற்கும். அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன்னரே முதலிரண்டு வினாக்களுக்கு உரிய விடையைச் சங்கங்கள் திரட்டி வைத்தல் நலம்.