விலகினால் தண்டமா?

அத்திபெலேயில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம்மவர்க்கு, மாநில எல்லை என்பது நிலப்படத்தில் மட்டும் உள்ள கோடு அன்று. கையிலுள்ள பேசியிலும் அக்கோடு உண்டு. ஒரு சன்னலருகே நின்றால் கர்நாடகக் கோபுரம், மறு சன்னலருகே நின்றால் ஓசூர்ப் பக்கத்துக் கோபுரம். இரண்டிற்கும் இடையே நின்றால் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு என் அறைத் தோழர் ஒருவர் இத்தொல்லை தாங்காமல் வேறு நிறுவனத்துக்கு மாற முனைந்தார். அவருடையது போஸ்ட்பெய்டு இணைப்பு. அதனோடு ஹாட்ஸ்பாட் கருவி ஒன்றை 'இலவசம்' என்று கொடுத்து, ஓராண்டுக் காலம் விலகுவதில்லை என்று கையொப்பமும் வாங்கியிருந்தனர். ஆறாம் திங்கள் முடிவில் எண்ணை மாற்றக் குறுஞ்செய்தி அனுப்பினார். ஒப்பந்தக் கடப்பாடு நிலுவையில் இருப்பதால் இயலாது என்று மறுமொழி வந்தது. கடையில் சென்று கேட்டால், 3,000 ரூபாய் விலகற் கட்டணம் செலுத்துக என்றனர். அது அவருடைய ஒரு திங்கள் உணவுப் பணம்.

"கையொப்பம் இட்டுவிட்டேனே, இனி என்ன செய்வது?" என்றார் தோழர். நம்மில் பெரும்பாலோர் எண்ணுவதும் இதுதான். அச்சிட்ட தாளில் ஒரு தொகை இருந்து, அதன் கீழ் நம் கையொப்பமும் இருந்தால், அத்தொகை முழுவதும் கடனாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தரவேண்டும் என்று தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், மற்றவர் பெறத்தக்கது நியாயமான இழப்பீடு மட்டுமே. குறித்த தொகை அவ்விழப்பீட்டின் மேல் எல்லை. அஃதாவது, தாளில் எழுதிய 3,000 என்பது கூரை. அதனைத் தரை என்று கொள்ளுதல் தவறு. 1963-இலும், பின்னர் 2015-இலும் உச்சநீதிமன்றம் இப்பிரிவை விரிவாக ஆராய்ந்துள்ளது. இழப்பே இல்லாதவர்க்கு இழப்பீடும் இல்லை. இழப்பு இத்துணை என்று மெய்ப்பிக்கக்கூடிய இடத்தில் மெய்ப்பிக்கவே வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம். கணக்கிட முடியாத இழப்பாயின், முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்டுக் குறித்த தொகையை நீதிமன்றம் ஏற்கலாம். நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. கருவியைக் கொடுத்தவன் அதன் விலையை மாதந்தோறும் சிறிது சிறிதாக மீட்க எண்ணியே கொடுக்கிறான். இலவசம் என்ற சொல்லை நம்பியது நம் பிழையே.

ஆகவே ஒரு விலகற் கட்டணத்தைக் கண்டவுடன் கேட்க வேண்டிய வினா இது: நாள் செல்லச் செல்ல இத்தொகை குறைகிறதா? இழப்பை ஈடுசெய்யும் தொகையாயின் குறைந்தே ஆகவேண்டும். முதல் திங்களில் விலகினாலும் பதினோராம் திங்களில் விலகினாலும் அதே 3,000 என்றால், அது இழப்பீடு அன்று, அச்சுறுத்தும் தண்டம்.

நம் நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2017-இல் வந்த ஜியோபோன், 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்துக் கருவியைத் திருப்பினால் 1,500-உம் திரும்ப வரும். மூன்றாம் ஆண்டில் திருப்பினால் 1,000. இரண்டாம் ஆண்டில் 500. முதலாண்டிலேயே திருப்பினால் ஒன்றும் இல்லை என்பது அறிவிப்பு. அத்திட்டத்தை நான் புகழவில்லை. ஆனால் அத்தொகை காலத்தோடு தேய்ந்தது. அதற்கு முன்னர், 2003 சூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி கொடுத்து, மீதியைத் தவணையில் வாங்கியதைப் பெற்றோர் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். சிம் அட்டை இல்லாத சி.டி.எம்.ஏ. கருவி அது, நிறுவனத்தை விட்டால் கருவியும் பயனற்றது. கடல் கடந்தும் இவ்வழக்கு நடந்தது. 2008-இல் கலிபோர்னியாவின் அலமேடா மாவட்ட நீதிமன்றம், ஸ்பிரின்ட் நிறுவனம் வாங்கிய விலகற் கட்டணம் சட்டத்துக்கு முரணான தண்டமே என்று கூறியது.

இனி எண்ணைப் பற்றிய செய்திக்கு வருவோம். பணப் பிணக்கு வேறு, எண் மாற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 சனவரி 20-ஆம் நாள் நாடெங்கும் வந்தது. ஆனால் அன்று ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டுமே மாறலாம். ஓசூர் எண்ணைக் கர்நாடக எண்ணாக்க இயலாது. அத்திபெலேக்குப் படிக்க வந்தவன் புது எண் வாங்கினான், அல்லது வெளிவட்டக் கட்டணம் கொடுத்தான். 2015 சூலை 3 முதல் அத்தடையும் நீங்கியது.

முறை எளிது. 'போர்ட்' என்று ஆங்கில எழுத்தில் இட்டு, இடைவெளி விட்டு எண்ணையும் எழுதி 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், யு.பி.சி. என்னும் தனிக் குறியீடு வரும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அது நான்கு நாள் செல்லும். வட்டத்துக்குள் மாற மூன்று வேலை நாட்கள், வட்டம் விட்டு வட்டம் மாற ஐந்து. இணைப்பு வாங்கி 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டாயின் அனுப்பப்பட்ட பில் தொகைகள் கட்டப்பட்டிருக்க வேண்டும். விலகும் நிபந்தனையுடன் கூடிய ஒப்பந்தக் கடப்பாடு நிலுவையில் இருத்தலாகாது. என் தோழர் சிக்கியது இந்த இறுதி நிபந்தனையில்தான். இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நாம் கையொப்பமிட்ட தாளில் அத்தகைய விதி எழுதப்பட்டிருந்தால்தான் இக்காரணம் செல்லும். கடைக்காரர் வாயால் சொன்ன 'லாக்-இன்' இதில் அடங்காது. தவறாக மறுக்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு மறுப்புக்கும் 10,000 ரூபாய் வரை டிராய் ஆணையம் தண்டம் விதிக்கலாம். அத்தொகை நமக்கு வராது எனினும், முறையீட்டில் அதனைக் குறிப்பிட்டால் எழுத்தர் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

எனவே முதல் வேலை, ஒப்பந்தப் படியைக் கேட்டு வாங்குதல். பின்னர் முறையீட்டு மையத்தில் புகார் பதிந்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல். விடை மனநிறைவு தராவிடில், அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அலுவலர்க்கு முப்பது நாட்களுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் அவர் முடிவு கூறவேண்டும். இவ்வளவு நாளும் மாத பில்லைத் தவறாமல் கட்டிவர வேண்டும். கோபத்தில் அதனையும் நிறுத்தினால், நிலுவை என்ற உண்மையான காரணத்தை நாமே அவர்கள் கையில் கொடுத்தவர்களாவோம். எண் உடனே வேண்டுமெனில், "எதிர்ப்புத் தெரிவித்தே செலுத்துகிறேன்" என்று எழுத்தில் கூறிப் பணத்தைக் கட்டிவிட்டு, எண்ணை மாற்றியபின் பணத்துக்காக வழக்காடலாம். தேர்வுக் காலத்தில் இவ்வழியே நன்று என்பது என் கருத்து.

வழக்கு எங்கே? 2009-இல் உச்சநீதிமன்றம், தொலைபேசிப் பிணக்குகளை 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் நடுவரிடமே கொண்டு செல்க என்று கூறிவிட்டது. நுகர்வோர் மன்றங்களின் கதவு பலருக்கு அடைபட்டது. பின்னர், மாதம் சில நூறு ரூபாய் கட்டிவந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவர்க்கு ஒரே மாதத்தில் 24,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. அவ்வழக்கில் 2022 பிப்ரவரி 16 அன்று அதே உச்சநீதிமன்றம், நுகர்வோர் மன்றம் செல்லத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அத்திபெலேயில் வசிப்போர்க்குப் பெங்களூரு நகர மாவட்டம். ஐந்து இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை; இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை 'நேர்மையற்ற ஒப்பந்தம்' என்றே அச்சட்டம் பெயரிடுகிறது. ஆனால் அப்பெயரால் வழக்காட மாநில ஆணையத்துக்குத்தான் செல்லவேண்டும்.

என் தோழர் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. கடையில் அக்கருவியின் விலை 2,400 ரூபாய் என்று விசாரித்தார். பன்னிரண்டு திங்களுக்குப் பகுத்தால் திங்களுக்கு 200. ஆறு திங்கள் கழிந்தன; மீதி 1,200. "இதற்கு மேல் உங்களுக்கு நேர்ந்த இழப்பு யாது? கணக்குக் காட்டுக, அல்லது கருவியைத் திரும்பப் பெற்றுக்கொள்க" என்று ஒரு பக்கக் கடிதம். முதல் விடையில் 'விதிமுறைகளும் நிபந்தனைகளும்' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. மேல்முறையீட்டில் விடை வருவதற்குள் எட்டுத் திங்கள் நிறைந்துவிட்டன. ஆதலால் தோழர் தம் கணக்கைத் திருத்தி 800 என்று எழுதினார். 'நல்லெண்ணத்தின் பேரில்' அத்தொகையை ஏற்பதாக நிறுவனம் எழுதிற்று. சட்டம் என்ற சொல் அக்கடிதத்தில் இல்லை. கட்டிய மறுவாரம் குறியீடு வந்தது. ஐந்தாம் வேலை நாளில் பழைய ஓசூர் எண் புது நிறுவனத்தின் கர்நாடக எண்ணாயிற்று. இப்பொழுது இரு சன்னலருகிலும் பேச முடிகிறது. அறையின் நடுவில்தான் இன்னும் சற்று விட்டுவிட்டுக் கேட்கிறது.