மரணப்படுக்கையில் உடனிருத்தல்

பிறக்குங் குழவிக்கும் ஈன்றாளுக்கும் உதவுதற்கு மருத்துவிச்சி இருக்கின்றாள். இறப்பார்க்கு அவ்வாறு உதவுவார் யாவர்? இவ்வினாவுக்கு விடையாக மேனாட்டிலே தோன்றிய தொண்டு மரணத்துணைமையாகும். அதனைச் செய்வோரை ‘டூலா’ என்பர். இஃது ஏவல் செய்யும் பெண்ணைக் குறிக்குங் கிரேக்கச்சொல். முன்னர்ப் பிரசவகாலத்திலே உடனிருந்து தேற்றுவார்க்கு வழங்கிற்று. நியூயோர்க் நகரத்திலே மரணத்தை அணுகிய நோயாளரிடையே சமூகத்தொண்டு செய்த ஹென்றி பெர்ஸ்கோ-வைஸ் என்பவர், பிரசவத்துணைவர் முறையைக் கற்று, அதனை இறப்பார்க்கும் உரித்தாக்கி, 2003 ஆம் ஆண்டிலே தொண்டர்களைப் பயிற்றத் தொடங்கினார்.

இதற்கு அடிப்படை இலண்டனிலே முன்னரே இடப்பட்டிருந்தது. தாதியாயும் பின்னர் வைத்தியராயும் விளங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967 இல் சென் கிறிஸ்தோபர் நிலையத்தைத் திறந்தார். சாவார் படும் நோவு உடம்பின் நோவு மாத்திரமன்று. மனத்துயர், சுற்றத்தைப் பற்றிய கவலை, உயிரின் கதி பற்றிய ஏக்கம் என்பனவும் அதனுட் கலந்துள்ளன என்று காட்டி, அதனை முழுநோவு என அவர் வழங்கினார்.

மரணத்துணைவர் வைத்தியரல்லர், மருந்து கொடார். அவர் பணி மூவகைப்படும். முதலாவது, நோயாளர் அறிவு தெளிந்திருக்கும்போதே தம் வாழ்வை நினைந்து சொல்வனவற்றைக் கேட்டலும், இறுதிநாளில் யார் அருகிருத்தல் வேண்டும், எப்பாட்டு ஒலித்தல் வேண்டும் என்பவற்றை உசாவிக் குறித்தலுமாம். இரண்டாவது, இறுதிநாட்களில் முறைவைத்து உடனிருந்து, கைகால் குளிர்தல், மூச்சு விட்டுவிட்டு வருதல் முதலிய குறிகளைச் சுற்றத்தார்க்கு விளக்கி அச்சம் நீக்குதலாம். மூன்றாவது, இறந்தபின் சுற்றத்தாரைக் கண்டு, நிகழ்ந்தவற்றைப் பேசவிட்டுத் துயராற்றுதலாம்.

மரணத்தறுவாயிலே திருமுறை ஓதும் நமக்கு இது புதிதன்று எனச் சிலர் கூறுவர். ஆயினும் எம் குறையொன்றை யாம் மறைத்தல் தகாது. எம்முடன் படிப்பித்த முதியவரொருவர் நோயுற்றுக் கிடந்தபோது யாம் பலமுறை சென்று கண்டோம். ‘தம்பி, நான் இனித் தப்பேன்’ என்று அவர் தொடங்குந்தோறும், ‘அப்படிச் சொல்லாதேயுங்கள் ஐயா; அடுத்த தவணைக்கு வந்துவிடுவீர்கள்’ என்று வாயை அடைத்தோம். அவர் சொல்ல விரும்பியதை அந்தியேட்டியன்று அவர் மனைவியார் சொல்லவே அறிந்தோம். தாம் ஒருகால் அநியாயமாக அடித்த மாணாக்கனொருவனைக் கண்டு ஒரு சொற் சொல்லவேண்டுமென்பதே அது. அவன் இரண்டு கட்டைத் தூரத்திலே இருந்தான். எம் ஆறுதலுரை எமக்கு மாத்திரமே ஆறுதலாயிற்று.

ஆதலினால் ஆசிரியர்கள் தாமும் கைக்கொண்டு பிறர்க்கும் உணர்த்தத்தக்கன இவை:

1. நோயாளர் தம் மரணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கின், தடுத்தலொழிந்து, ‘யாது செய்தல் வேண்டும்?’ என்று கேட்க.

2. விழுங்கமாட்டாதார் வாயிலே பால் வார்த்தல் ஆகாது; அது மூச்சுவழியிற் புகுந்து இடர்செய்யும். நனைத்த பஞ்சினால் உதட்டை ஈரமாக்குதல் அமையும்.

3. அறிவிழந்து கிடப்பார் அருகே காணிவழக்கும் பாடைச்செலவும் பேசற்க. கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2020 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, மறுமொழியற்றுக் கிடந்த நோயாளர் சிலரின் மூளை ஒலியை ஏற்றமை காணப்பட்டது. பதிகம் ஓதுவோர் மெல்ல ஓதுக.

4. பேரப்பிள்ளைகளை முற்றாக அகற்றிவிடற்க. விரும்பும் பிள்ளையை முன்னரே அறிவித்து அழைத்துச்சென்று, பாட்டன் கையைப் பிடிக்க விடுக. அப்பிள்ளை மறுநாள் வகுப்பிலே கேட்கும் வினாவுக்கு விடைகூறும் பொறுப்பு நம்முடையதே.