சொந்த மைதானம்

வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சொந்த வீட்டின் அருமை தெரியும். தேவ்நாரில் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பம்பாய் கிரிக்கெட் சங்கமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது.

பெரிய போட்டிகள் பிராபோர்ன் மைதானத்தில் நடந்தன. அது ஒரு கிளப்புக்குச் சொந்தம். சங்கத்துக்கு எத்தனை டிக்கெட் தருவது என்பதில் தகராறு வந்தது.

அப்போது சங்கத்தின் தலைவர் சேஷ்ராவ் வான்கடே. இவர் 1914-இல் பிறந்தார். இங்கிலாந்தில் சட்டம் படித்தார். 1972-இல் மகாராஷ்டிர சபாநாயகர் ஆனார். சபாநாயகர் என்றால் சட்டசபையை நடத்துபவர்.

சங்கத்துக்குச் சொந்த மைதானம் கட்ட வான்கடே முடிவு செய்தார். சர்ச்கேட் ரயில் நிலையத்துக்கு அருகில் வேலை நடந்தது. சுமார் 13 மாதங்களில் மைதானம் தயார் ஆனது. 1975 ஜனவரியில் அங்கே முதல் டெஸ்ட் போட்டி நடந்தது. இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடின.

வான்கடே 1988-இல் காலமானார். மைதானத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. 2011-இல் இந்தியா அங்கேதான் உலகக் கோப்பையை வென்றது.

படித்துப் பதில் சொல்லுங்கள்:
1. தகராறு எதனால் வந்தது?
2. வான்கடே என்ன முடிவு செய்தார்?
3. உங்கள் பகுதியில் எல்லோருக்கும் பொதுவாக எந்த இடம் வேண்டும்? கூடிப் பேசுங்கள்.